ஆல்டோ கியர்பாக்ஸ்: பிரித்து வேலை பார்ப்பதா, வேறு பெட்டி மாட்டுவதா?

பழைய காரின் கியர்பாக்ஸ் சத்தம் போட ஆரம்பித்தால் ஆலோசனை சொல்ல ஆள் நிறைய வருவார்கள். "பிரிச்சா செலவு இழுத்துட்டே போகும், புதுப்பேட்டைல ஒரு பாக்ஸ் எடுத்து மாட்டிடு" என்பார் ஒருவர், சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையைச் சொல்லி. "எவனோ கழட்டிப் போட்டதை ஏன் காசு கொடுத்து வாங்குற, உன் பாக்ஸையே செஞ்சுக்கோ" என்பார் அடுத்தவர். இருவருமே பெட்டியைத் திறந்து பார்க்காமல்தான் சொல்கிறார்கள். என்னுடைய 2010 மாடல் ஆல்டோவுக்கு இந்த முடிவை எடுக்க வேண்டி வந்தது. எதைப் பார்த்து எப்படி முடிவுக்கு வந்தேன் என்பதை, இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காக விரிவாகவே எழுதுகிறேன்.

காரைப் பற்றிச் சுருக்கமாக. 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின், ஐந்து கியர், ஓடியது 1.3 லட்சம் கி.மீ.க்கு மேல். பழைய காராக வாங்கியதுதான். எஞ்சின் நன்றாக இருக்கிறது, அடிப்பாகத்தில் துரு இல்லை, ஏசி குளிர்கிறது. 15 ஆண்டு முடிந்ததால் 2025-இல் 5,000 ரூபாய் கட்டணம் கட்டி, எஃப்.சி. காட்டி, பதிவை இன்னும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தேன். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. கியர்பாக்ஸுக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்ற கேள்விக்கு முன்னால், இந்த வண்டியை இன்னும் எத்தனை காலம் ஓட்டப்போகிறோம் என்ற கேள்வி இருக்கிறது. அடுத்த வருஷம் விற்கப்போகிறவருக்கும் 2030 வரை வைத்திருக்கப்போகிற எனக்கும் ஒரே பதில் பொருந்தாது. எனக்குத் தேவை, இன்னும் ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்குத் தொல்லை தராத பெட்டி.

கழற்றாமலே தெரிந்துகொள்ளக் கூடியவை

குறை இரண்டு இருந்தது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குக் கொஞ்சம் வேகமாகப் போட்டால் 'கர்ர்' என்று பல் உரசும். நான்கிலிருந்து மூன்றுக்கு இறக்கும்போது இன்னும் மோசம். மற்றது, வண்டி நியூட்ரலில் நிற்கும்போது கேட்கும் ஒரு மெல்லிய இரைச்சல். கிளட்சை மிதித்தால் நின்றுவிடும், விட்டால் திரும்ப வரும்.

இந்த இரண்டாவது குறை எங்கே இருக்கிறது என்பதைக் காரை விட்டு இறங்காமலே சொல்லிவிடலாம். நியூட்ரலில் கிளட்சை மிதிக்காமல் இருக்கும்போது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (எஞ்சினின் சுழற்சியைப் பெட்டிக்குள் வாங்கும் தண்டு) எஞ்சினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். மிதித்ததும் அது நிற்கும். அதோடு சத்தமும் நின்றால் சந்தேகம் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மேல்தான். இதற்கு நேர்மாறாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் அது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். அப்போதும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும், ஆனால் அதைப் பிரிக்க வேண்டியதில்லை. ஒரு சின்ன பேரிங்குக்காக முழுப் பெட்டியையே மாற்றச் சொன்ன பட்டறைகளும் உண்டு என்பதால் இந்த வித்தியாசத்தை நாமே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது கியர் உரசலுக்கு முதலில் கிளட்சைச் சந்தேகப்பட வேண்டும். கிளட்ச் முழுதாக விடுபடாவிட்டாலும் கியர் உரசத்தான் செய்யும். இதைக் கண்டுபிடிக்க ரிவர்ஸ் கியர் உதவும், ஏனென்றால் இந்தப் பெட்டியில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் விழுமுன் வேகத்தைச் சமன்செய்யும் அமைப்பு) கிடையாது. வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே கிளட்சை முழுதாக மிதித்து, நான்கைந்து வினாடி பொறுத்து ரிவர்ஸ் போட வேண்டும். அமைதியாக விழுந்தால் கிளட்ச் சரியாக விடுபடுகிறது. கர்ர் என்றால் கிளட்ச் கேபிளையும் பெடலின் வெற்று ஆட்டத்தையும் முதலில் சரிசெய்துவிட்டு அப்புறம் மற்றதை யோசிக்கலாம். என் வண்டியில் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது.

அடுத்து, மூன்றாவது கியருக்கு மட்டும் கிளட்சை இரண்டு முறை மிதித்துப் பார்த்தேன். நான்காவதிலிருந்து கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, மறுபடி மிதித்து மூன்றாவது போடுவது. லாரி ஓட்டிய பெரியவர்களுக்கு இது கைவந்த கலை. அப்படிப் போட்டால் உரசல் சுத்தமாக இல்லை. வேகத்தை நாமே சமன்செய்து கொடுக்கும்போது கியர் ஒழுங்காக விழுகிறது என்றால், அந்த வேலையைச் செய்ய வேண்டிய சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இந்தப் பித்தளை ரிங்கின் உட்புறம் கூம்பாக இருக்கும், அதில் மெல்லிய வரிகள் ஓடும். கியரின் கூம்பு மேல் இது அழுந்தும்போது அந்த வரிகள் எண்ணெயை வெட்டி ஒதுக்கி, உலோகத்தோடு உலோகம் பிடித்து, கியரின் வேகத்தை ஷாஃப்ட்டின் வேகத்துக்குக் கொண்டுவருகின்றன. வரி தேய்ந்துவிட்டால், மழையில் வழுக்கை டயர் போல எண்ணெய் மேலேயே வழுக்கும்.

கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வருகிறதா என்றும் கவனித்தேன். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி, பிறகு சட்டென்று காலை எடுத்தும் பார்த்தேன். நழுவவில்லை. இது முக்கியமான நல்ல செய்தி. நழுவினால் கியரைப் பூட்டும் டாக் பற்களோ, அவற்றின் மேல் நகரும் ஸ்லீவோ, அதைத் தள்ளும் ஃபோர்க்கோ நன்றாகத் தேய்ந்திருக்கும், செலவு அங்கேயே ஏறிவிடும். ஆனால் எஞ்சின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தாலும், லிவரிலிருந்து பெட்டிக்குப் போகும் ராடின் புஷ் ஆடினாலும் கியர் நழுவக்கூடும். அதனால் ஒருவரை உள்ளே உட்கார்ந்து லிவரை ஆட்டச் சொல்லி, கீழே குனிந்து அந்த ராடைப் பார்ப்பது நல்லது. புஷ் மாற்ற ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.

ஓடும்போது வரும் இரைச்சல் எல்லாம் கியர்பாக்ஸ் இல்லை. காலியான சாலையில் 50 வேகத்தில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து உருட்டினால், சத்தம் மாறாமல் சக்கரத்தோடு வந்தால் அது வீல் பேரிங்காகவோ டயராகவோ டிஃபரன்ஷியல் (இரண்டு ஆக்ஸிலுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) பக்கமாகவோ இருக்கும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது டக் டக் என்று கேட்டால் அது ஆக்ஸில் ஜாயின்ட்.

எண்ணெய் சொன்ன கதை

அடுத்த கட்டம் கியர் ஆயிலை இறக்குவது. கொஞ்ச தூரம் ஓட்டி, எண்ணெய் சூடாக இருக்கும்போது இறக்க வேண்டும். இறக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன், ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அது துருப்பிடித்து இறுகியிருந்தால், எண்ணெயை இறக்கிவிட்டு ஊற்ற வழியில்லாமல் நிற்போம்.

வெளியே வந்தது, இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. ஆக்ஸில் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் ஆயில் சீல் காய்ந்து, முன்பு எப்போதோ கசிய ஆரம்பித்திருக்கிறது. பெட்டியின் வெளிக்கூடான கேஸிங்கின் அந்தப் பக்கம் முழுவதும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கட்டியாகப் பிடித்திருந்தது. நூறு ரூபாய் அளவுக்கு விற்கும் ஒரு சீல்தான் இத்தனைக்கும் தொடக்கம். பழைய கார் வாங்குகிறவர்கள் எஞ்சின் ஆயில் குச்சியை உருவிப் பார்க்கிறார்கள். கியர் ஆயிலுக்கு இந்த வண்டியில் குச்சி இல்லை, அதனால் யாரும் பார்ப்பதில்லை.

ஒரு காந்தத்தைப் பாலித்தீன் பையில் போட்டு எண்ணெய்த் தட்டில் இழுத்தேன். பையைத் திருப்பி உரித்தால் ஒட்டியதெல்லாம் அப்படியே வந்துவிடும். மை போன்ற சாம்பல் நிறப் பசை வந்தால் அது வழக்கமான தேய்மானம். செதில், ஊசி, பல் துண்டு வந்தால்தான் கவலை. எனக்குப் பசை கொஞ்சம் அதிகம், அதில் நெரடலாகச் சில பொடிச் செதில்கள். பேரிங் பொரிய, அதாவது அதன் மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயர, ஆரம்பித்தால் இப்படி வரும். காந்தத்தில் ஒட்டாமல் வெயிலில் தங்கத் தூள் போல மின்னியது பித்தளை, அதாவது சிங்க்ரோ ரிங். சத்தம் சொன்னதையே எண்ணெயும் சொன்னது. பல் துண்டு எதுவும் இல்லாததால் பிரித்துப் பார்க்கத் துணிச்சல் வந்தது.

மூன்று வழி, மூன்று விலை

விசாரித்ததில் கிடைத்த கணக்கு இது. புது கியர்பாக்ஸ் அசெம்பிளி விலை காரின் இன்றைய மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அதை அப்போதே ஒதுக்கிவிட்டேன்.

புதுப்பேட்டையில் பழைய பெட்டி, நிலையைப் பொறுத்து ஏழாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் வரை சொன்னார்கள். என் பெட்டியையே பிரித்தால் பேரிங்குகள், சிங்க்ரோ ரிங்குகள், சீல்கள் என்று சாமானுக்கு ஆறாயிரம் முதல் பத்தாயிரம் வரை ஆகலாம். உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இறக்கி ஏற்றும் கூலி இரண்டுக்கும் பொது. பிரிக்கும் கூலி மட்டும் கூடுதலாக ஒரு இரண்டாயிரம்.

இங்கே பலர் கணக்கில் சேர்க்காத ஒன்று இருக்கிறது. எந்த வழியில் போனாலும் பெட்டி கீழே இறங்கும். இறங்கியபோது கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகியவற்றையும் கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் இதே கூலியை ஆறு மாதத்தில் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். பழைய பெட்டி வாங்கினாலும் அதன் ஆக்ஸில் சீல்களையும் இன்புட் ஷாஃப்ட் சீலையும் மாற்றாமல் மாட்டக் கூடாது. இவற்றையெல்லாம் சேர்த்தபோது இரண்டு வழிக்கும் வித்தியாசம் மூவாயிரத்துக்குள்தான் வந்தது. ஆரம்பத்தில் ரொம்ப மலிவு போலத் தெரிந்த பழைய பெட்டி, முழுக் கணக்கில் அப்படி இல்லை.

புதுப்பேட்டையில் பார்த்தது

என்றாலும் பழைய பெட்டியைப் பார்க்காமல் ஒதுக்குவது நியாயமில்லை என்று எழும்பூர் பக்கம் போனேன். கூவம் ஓரம் புதுப்பேட்டைச் சந்துகளில் எஞ்சின் ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம், கியர்பாக்ஸ் ஒரு பக்கம் என்று அடுக்கியிருப்பார்கள். ஆல்டோ சாமான்களுக்குப் பஞ்சமே இல்லை. பொறுமையாகப் பார்க்கிறவருக்கு அங்கே நல்ல பொருளும் கிடைக்கும். கடைக்காரர்களில் பலருக்கு, பெட்டியைக் கையால் ஒரு சுற்று சுற்றினாலே அதன் நிலை தெரியும்.

நான் பார்த்த முறை இது. இன்புட் ஷாஃப்ட்டை மேலும் கீழும் ஆட்டினேன். மிகச் சின்ன ஆட்டம் இருக்கலாம், டக்கென்று தட்டக் கூடாது. ஒவ்வொரு கியராகப் போட்டுச் சுற்றினேன். நெரடல் இருந்தால் கைக்கு உடனே தெரியும். மவுண்டிங் போல்ட் காதுகளிலும் எஞ்சினோடு சேரும் விளிம்பிலும் வெடிப்போ வெல்டிங் தடமோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஊற்றும் ஓட்டை வழியாக ஒரு கம்பியை விட்டு எடுத்து, ஒட்டிய எண்ணெயை முகர்ந்தேன். கருகிய வாடை வந்தால் எண்ணெய் இல்லாமல் ஓடிய பெட்டி.

சென்னையில் பழைய பெட்டி வாங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது தண்ணீர். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ கார்கள் மூழ்கின. கியர்பாக்ஸுக்கு மேலே காற்றுப் போக்கி ஒன்று உண்டு. பெட்டி நீரில் மூழ்கினால் அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் தெரிந்துவிடும். எண்ணெயை வடித்துவிட்டு விற்பனைக்கு வைத்திருந்தால் தெரியாது. ஆனால் பேரிங் பந்துகளில் துருப் புள்ளி விழுந்திருக்கும், ஓட்டிய சில மாதத்தில் ஊளையிட ஆரம்பிக்கும். அங்கே நான் பார்த்த ஒரு பெட்டி வெளியே பளபளவென்று கழுவியிருந்தது. உள்ளே விட்ட கம்பியில் பழுப்பு நிறம் ஒட்டி வந்தது.

இன்னொன்று, ஒரே பெயரில் வந்த காருக்குள்ளேயே வருடத்துக்கும் எஞ்சினுக்கும் ஏற்பக் கியர் விகிதம் மாறலாம். வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கும், மாட்டினால் மாட்டும், ஓட்டும்போதுதான் வித்தியாசம் தெரியும். இதைக் கடையிலேயே சரிபார்க்க வழி இருக்கிறது. ஐந்தாவது கியர் போட்டு, ஒரு பக்க ஆக்ஸில் வாயைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றி, மறுபக்கம் ஒரு முழுச் சுற்று வர எத்தனை சுற்று தேவைப்படுகிறது என்று எண்ண வேண்டும். ஒரு பக்கம் நின்றால் டிஃபரன்ஷியல் மறுபக்கத்தை இரட்டிப்பு வேகத்தில் சுற்றும். அதனால் எண்ணி வந்ததை இரண்டால் பெருக்கினால் மொத்த விகிதம் கிடைக்கும். நம் பெட்டியிலும் இதையே செய்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

காகிதப் பக்கமும் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி.யில் இருப்பது எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும்தான். கியர்பாக்ஸ் எண் அதில் இல்லை, மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டியதில்லை. ஆனால் பில் வாங்காமல் எடுக்கக் கூடாது. பில் கொடுக்கத் தயங்கும் கடையில் எனக்கு வேலை இல்லை.

ஒரு நல்ல பெட்டி கண்ணில் பட்டது. விலை எட்டாயிரம், மாட்டிப் பார்த்துச் சரியில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவதாகவும் சொன்னார். அது நேர்மையான பேச்சு. ஆனால் ஒரு வார உத்தரவாதத்தைப் பயன்படுத்த வேண்டுமென்றால் இறக்கி ஏற்றும் கூலியை நான் இரண்டு முறை கொடுக்க வேண்டும். "என் பெட்டியைத் திறந்து பார்த்துட்டு வர்றேண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திறந்தபோது

தாம்பரம் பக்கம் நான் வழக்கமாகப் போகும் பட்டறையில், வேலை குறைவான நாட்களில் கூட நின்று வேலை செய்ய விடுவார்கள். பேட்டரி, ஸ்டார்ட்டர், ஆக்ஸில்கள், ராட், மவுண்டிங் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி முட்டுக் கொடுத்து, பெட்டியை எஞ்சினிலிருந்து நேராக விலக்கி இழுத்து இறக்கினோம். சாய்த்து இழுத்தால் கிளட்ச் பிளேட்டின் ஸ்பிளைன் வளையும்.

பிரிப்பதில் அவசரம் ஆகாது. இந்தப் பெட்டியில் ஐந்தாவது கியர் கேஸிங்கின் கடைசியில், பக்க மூடிக்குள் தனியாக இருக்கும். அதை எடுத்த பிறகு ரிவர்ஸ் ஷாஃப்ட் போல்ட்டையும், கியரை இடத்தில் நிறுத்தும் ஸ்பிரிங், குண்டு இருக்கும் போல்ட்டுகளையும் வெளியிலிருந்து எடுத்துவிட வேண்டும். இவற்றை மறந்து கேஸிங்கைச் சுத்தியால் தட்டிப் பிரிக்கப் போனால் அலுமினியம் உடையும். ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்து, கழற்றிய வரிசையிலேயே பழைய செய்தித்தாளில் அடுக்கி வைத்தேன்.

உள்ளே கண்டது ஏறக்குறைய எதிர்பார்த்ததுதான். இன்புட் ஷாஃப்ட்டின் ஒரு பேரிங்கில் பந்து ஓடும் தடம் பொரிந்திருந்தது. விரல் நகத்தை வைத்தாலே நெரடும். மூன்றாவது கியர் சிங்க்ரோ ரிங்கை கியரின் கூம்பில் அழுத்திப் பிடித்து, இரண்டின் பற்களுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டு இலைகள்) விட்டு அளந்தேன். புதிதில் 1.0 முதல் 1.4 மி.மீ. வரை இருக்கும், 0.5-க்குக் கீழே போனால் ரிங் தீர்ந்தது என்பது கணக்கு. மூன்றாவதில் 0.4 இலை நுழையவே இல்லை. இரண்டாவதில் 0.7. நான்காவதும் ஐந்தாவதும் நல்ல நிலை. மூன்று, நான்கு கியருக்குப் பொதுவான ஸ்லீவில், மூன்றாவது பக்கம் பற்களின் முனை லேசாக மழுங்கியிருந்தது. மூன்றாவது கியரின் டாக் பற்களிலும் அதே அடையாளம், ஆனால் ஸ்லீவை நழுவாமல் பிடிக்கும் பின்சரிவு கெடவில்லை. கியர் ஏன் நழுவவில்லை என்பதற்கு விளக்கம் இதுதான்.

நான் பயந்துகொண்டே பார்த்தது மற்றவற்றைத்தான். கியர் பற்களின் முகத்தில் பொரிவு இல்லை, விளிம்பு உடையவில்லை. ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடம் மங்காமல் இருந்தது. கேஸிங்கில் பேரிங் உட்காரும் குழியில் பேரிங்கின் வெளி வளையம் சுற்றிய தடம் இல்லை. எண்ணெய் குறைந்து ஓடியதால் ஐந்தாவது கியர் சூட்டில் நீலம் பாய்ந்திருக்குமோ என்று நினைத்தேன், இல்லை. டிஃபரன்ஷியலும் கெட்டியாக இருந்தது.

முடிவு அந்த மேஜையிலேயே எடுக்கப்பட்டது. பேரிங், ரிங், சீல், ஸ்லீவ் எல்லாம் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை, புதிதாகக் கிடைக்கும், போட்டால் பெட்டி பழைய நிலைக்கு வரும். கேஸிங், ஷாஃப்ட், கியர் ஜோடி மூன்றும் வேறு ரகம். இவற்றில் ஒன்று கெட்டாலும் சாமான் விலை, லேத் கூலி எல்லாம் சேர்ந்து பழைய பெட்டியின் விலையைத் தாண்டிவிடும். கியர்கள் ஜோடியாகவே தேய்ந்து பழகுவதால் ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளையிடும், இரண்டையும் வாங்க வேண்டும். என் பெட்டியில் அந்த மூன்றும் நலம். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்ட பெட்டியை விட்டுவிட்டு, பார்க்காத ஒன்றுக்குப் போகக் காரணமே இல்லை.

"ஸ்லீவைத் திருப்பிப் போட்டுடலாம் தம்பி, நாலாவது பக்கம் பல்லு நல்லா இருக்கு" என்றார் மெக்கானிக் அண்ணன். அது பட்டறைகளில் வழக்கமாகச் செய்வதுதான், ஓடவும் ஓடும். ஆனால் மழுங்கிய பக்கம் நான்காவதுக்குப் போகும், நெடுஞ்சாலையில் நான் அதிகம் போட்டு எடுக்கும் கியர் அது. "வேண்டாம்ணே, ஹப்போட சேர்த்துப் புதுசே போட்டுடலாம்" என்றேன். ஹப் என்பது ஸ்லீவ் உட்கார்ந்து நகரும் நடுப்பகுதி. அதற்கு ஆன இரண்டாயிரம் ரூபாயைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை.

சேர்க்கும்போது

பேரிங் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. போலிகள் நிறைய உலவுகின்றன, பெட்டியும் அச்சும் அசல் போலவே இருக்கும். விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிட வேண்டும். பழைய பேரிங்கின் பக்கத்தில் இருக்கும் எண்ணை முழுதாக, கடைசி எழுத்துவரை எழுதிக்கொண்டு போக வேண்டும். சி3 என்று முடிந்தால் அது உள் இடைவெளியைக் குறிப்பது, விட்டுவிட்டால் வேறு ரகம் வந்துவிடும். ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டுமே பிரஸ் அழுத்த வேண்டும். வெளி வளையத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் பந்துகள் வழியாகப் போய்த் தடத்தில் குழி விழும், புது பேரிங் முதல் நாளே இரையும். சுத்தியால் அடித்து ஏற்றுகிற பட்டறையில் கியர்பாக்ஸைக் கொடுக்காதீர்கள் என்பதை நான் யாரிடமும் தயங்காமல் சொல்வேன்.

சிங்க்ரோ ரிங்குகளை முதல் மூன்று கியருக்கும் மாற்றினேன், போடுவதற்கு முன் கியர் ஆயிலில் ஊறவைத்தேன். பேரிங் மாறினால் சிம் (இடைவெளியைச் சரிசெய்யப் போடும் மெல்லிய வளையம்) தடிமனும் மாறலாம் என்பதால், பழையதை அப்படியே போடாமல் அளந்து போட்டோம். கேஸிங் இரண்டையும் சேர்க்க அனபாண்ட் என்ற ஒட்டுப் பசையை ஒரு மெல்லிய கோடாக இழுத்தால் போதும். அள்ளிப் பூசினால் மிச்சம் உள்பக்கம் பிதுங்கி எண்ணெயில் விழும். மூடுவதற்கு முன்பும் பின்பும் எல்லாக் கியரையும் கையால் போட்டுச் சுற்றிப் பார்த்தோம்.

எண்ணெய் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். "கியர் ஆயில் கொடுங்க" என்று பொதுவாகக் கேட்டால், பல கடைகளில் லாரி டிஃபரன்ஷியலுக்கு ஊற்றும் கெட்டியான 140-ஐ எடுத்துக் கொடுப்பார்கள். சிங்க்ரோ உள்ள பெட்டிக்கு அது ஆகாது. டப்பாவில் ஜிஎல்-4 என்ற தரக் குறியீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜிஎல்-5 என்பது உயர்ந்த ரகம் என்று நினைத்து வாங்குகிறவர்களும் உண்டு. அது வேறு வேலைக்கானது. அதில் கந்தகம், பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம், பித்தளையை அரிக்கக்கூடியது. வழுக்கலும் கூடுதல் என்பதால் சிங்க்ரோ பிடிக்கத் தாமதமாகும். சமதரையில் நிறுத்தி, ஊற்றும் ஓட்டையிலிருந்து வழியும்வரை ஊற்றினால் அளவு சரி.

கிளட்ச் செட், சீல்கள், எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து மொத்தம் பதினெட்டாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே முடிந்தது. பழைய பெட்டி வாங்கியிருந்தால் பதினைந்தாயிரம் ஆகியிருக்கும்.

நியூட்ரல் இரைச்சல் முதல் ஸ்டார்ட்டிலேயே இல்லை. மூன்றாவது கியர் ஆரம்பத்தில் கொஞ்சம் கெட்டியாக விழுந்தது, புது ரிங் கூம்போடு பழகச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை வேகமாக இழுத்துப் போடாமல் ஓட்டினேன். 1,000 கி.மீ.யில் எண்ணெயை மறுபடி இறக்கினேன். பித்தளைத் தூள் கொஞ்சம், சாம்பல் பசை கொஞ்சம், செதில் ஒன்றுகூட இல்லை. ஆக்ஸில் சீல் இரண்டையும் காய்ந்த துணியால் துடைத்தால் துணி சுத்தமாகவே வருகிறது.

இதே வேலை நடந்த சமயத்தில் நண்பர் ஒருவருக்கு நான் பழைய பெட்டிதான் வாங்கச் சொன்னேன். அவருடையதும் ஆல்டோதான். ஒரு கல் அடித்து கேஸிங்கின் அடியில் வெடிப்பு விழுந்து, எண்ணெய் முழுதும் ஒழுகிய பிறகும் வண்டி ஓடியிருக்கிறது. திறந்தபோது கியர் பற்கள் நீலம் பாய்ந்திருந்தன, கவுண்டர் ஷாஃப்ட்டில் பேரிங் சுற்றிய தடம். அந்தப் பெட்டியில் காப்பாற்ற ஒன்றுமில்லை. புதுப்பேட்டையில் நான் பார்த்துவிட்டு வந்த அதே எட்டாயிரம் ரூபாய்ப் பெட்டியைப் போய் எடுத்தோம். மாட்டுவதற்கு முன் பக்க மூடியை மட்டும் திறந்து ஐந்தாவது கியரையும் அதன் சிங்க்ரோ ரிங்கையும் பார்த்தோம், இன்புட் சீலையும் இரண்டு ஆக்ஸில் சீல்களையும் மாற்றி, புது ஜிஎல்-4 ஊற்றி ஏற்றினோம். அவர் இப்போது அதைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.